வளைவில் கிடந்த பாலைமரம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிருஷாந்துக்குக் கால் முறிந்தது. வியாழக்கிழமை திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து முழங்கால் வரைக்கும் மாக்கட்டோடு ஓட்டோவில் வந்து இறங்கினான். அவன் வந்து சேர முன்னமே அவனுடைய கதை வீரையடி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது.

கதை இதுதான். கிளிவெட்டிக்கு உள்ளே, வீரையடியின் வயல்களைச் சுற்றிப் பதினொரு கிலோமீட்டருக்கு யானைக்கான மின்வேலி ஓடுகிறது. அதன் ஓரமாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய், கம்பி அறுந்திருக்கிறதா, கொடி படர்ந்திருக்கிறதா, கட்டை சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கிருஷாந்தின் வேலை. அன்றைக்குக் குளக்கட்டு வளைவில் ஒரு தனியன் யானை பற்றைக்குள்ளிருந்து வெளிப்பட்டு அவனைத் துரத்தியது. அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த பாலைமரத்தில் சைக்கிள் ஏறிச் சறுக்கியது. அவன் கீழே, சைக்கிள் மேலே. யானை என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது.

யானைக்கு ஒரு கொம்பு பாதியில் முறிந்திருந்ததாகக் கடையடியில் யாரோ சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமையாகும்போது அது இரண்டு யானையாகிவிட்டது.

அன்று விடிந்ததும் வேலிச் சங்கத் தலைவர் வீரசிங்கம் வீட்டுக்கு வந்தார். அறுபது வயது, மெல்லிய உடம்பு, கதைக்கும்போது தலைத்துவாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுகிற மனிதர். கிருஷாந்தின் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு வந்த விசயத்துக்கு வந்தார்.

"நெல்லு இப்ப பால் பிடிக்கிற நேரம் தம்பி. மணம் காட்டுக்குள்ள போகுது. ஒரு நாள் வேலியைப் பாராமல் விட்டால் முடிஞ்சுது. ஆரைப் போகச் சொல்லுறது? அந்தக் காட்டுச் சைக்கிளை ஓடத் தெரிஞ்சவன் ஊரில நீ ஒருத்தன்தான்."

கிருஷாந்தின் மனைவி நிரோஜினி தேத்தண்ணியோடு நின்றாள். முப்பத்து மூன்று வயது. மத்தியானம் வரை முன்பள்ளியில் படிப்பிப்பாள். பத்து வருசமாக ஸ்கூட்டி ஓடுகிறாள்.

"நான் போறன்" என்றாள்.

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"ஸ்கூட்டி மாதிரி இல்லை பிள்ளை அது" என்றார் வீரசிங்கம். "பாதையெல்லாம் மரம் விழுந்து கிடக்கு. ஆனை தள்ளினது பாதி, காத்துத் தள்ளினது பாதி."

"பழகிறன் அண்ணன்."

"வளைவு வரைக்கும் போய்த் திரும்பினால் போதும்" என்று கிருஷாந்த் அவசரமாகச் சொன்னான். "அங்கால போக வேண்டாம். அந்த ஆனை நிக்கும்."

வீரசிங்கமும் அதையே சொன்னார். வளைவுக்கு அப்பால் யாரும் போகக்கூடாது என்று ஊருக்கே சொல்லிவிட்டாராம். அங்கே வயல் வைத்திருக்கிற சீதேவி அக்காவின் பிள்ளைகளும் காவலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள்.

பின்னேரமே பழக்கம் தொடங்கியது. முற்றத்தில் ஒரு தென்னங்குற்றியை உருட்டிப் போட்டார்கள். கிருஷாந்த் மாமரத்தடியில் ஒரு கதிரையில் இருந்து, மாக்கட்டுக் காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டான். விழுந்ததில் வளைந்த ஹேண்டிலைத் தோப்பூர் மெக்கானிக் முனாஸ் வந்து நிமிர்த்திவிட்டுப் போயிருந்தார்.

"இருந்துகொண்டு ஓடாத. எழும்பு. கால் மிதியில நில். முழங்காலை மடக்கு, முழங்கையை வெளியால விரி. சைக்கிள் உனக்குக் கீழ தன்ர பாட்டில ஆடட்டும், நீ ஆடாத. விளங்குதா?"

"விளங்குது."

"குற்றிக்கு நேரா வா. சரிச்சு வந்தால் சில்லு குற்றியோட வழுக்கிக்கொண்டு போகும். கிட்ட வந்ததும் கிளச்சைக் கொஞ்சம் பிடிச்சு, அக்சிலேற்றரை முறுக்கி, கிளச்சை விடு. முன் சில்லு தானாத் தூக்கும்."

"பிறகு?"

"பிறகென்ன, முறுக்கு! முறுக்கிக்கொண்டே போ!"

அவள் வந்தாள். முன் சில்லு தூக்கியது, குற்றிமேல் ஏறியது. அவன் சொன்னபடியே முறுக்கினாள். பின் சில்லு குற்றியில் மோதி, உறுமி, கழுதைபோல் பின்னால் உதைத்தது. சைக்கிள் வாழைப்பாத்திக்குள் போய் விழுந்தது. நிரோஜினி அதற்கு ஒரு அடி முன்னால் விழுந்தாள்.

"முறுக்கினது காணாது! இன்னும் முறுக்கு!" என்று கத்தினான் கிருஷாந்த்.

நான்காவது தடவை விழுந்தபோது அவள் எழும்பி வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. நீங்கள் சொல்லச் சொல்ல நான் விழுறன். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கோ."

"அப்ப நீயே பழகு!" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழும்பிப் போக ஏலாது என்பதுதான் அவனுக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

சனி, ஞாயிறு வீரசிங்கம் வளைவு வரை நடந்தே பார்த்துச் சமாளிக்க, திங்கட்கிழமை நிரோஜினி வேலைக்கு இறங்கினாள். முன்பள்ளி முடிந்து, சோறு தின்று, இரண்டரை மணிக்கு வெளிக்கிட்டாள். சீட்டுக்குப் பின்னால் கத்தி, குறடு, கையுறை, வோல்ட் பார்க்கிற கருவி. விழுந்து கிடந்த சின்னக் கிளைகளை எழும்பி நின்று கடந்தாள். சைக்கிள் துள்ளியது, அவள் விழவில்லை. கையளவு, தொடையளவு மரங்கள் வந்த இடத்தில் இறங்கினாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, முதல் கியரில் மெல்ல முறுக்கி, அதை நடத்தி ஏற்றினாள். கள்ளுத் தவறணைக்குப் போய் வருகிற மனுசனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவதுபோல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போனது. வளைவுக்கு வந்து, பாலைமரத்தைத் தூரத்திலேயே பார்த்து, கம்பியில் கருவியை வைத்தாள். வோல்ட் சரியாகத்தான் காட்டியது. அப்பால் எங்கேயாவது கம்பி விழுந்திருந்தால் இங்கேயே எண் குறையும். பற்றைகளைப் பார்த்தபடியே திரும்பினாள்.

செவ்வாயும் புதனும் அப்படித்தான். ஆனால் ஒரு விசயம் நடந்துகொண்டிருந்தது. இந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. காலை முழுக்க இருபத்தாறு பிள்ளைகளின் சத்தத்துக்குள் இருந்துவிட்டு, வேலியோரத்தில் எழும்பி நின்று ஓடும்போது, குளத்துக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகால் போனது. யாரும் அவளை "ரீச்சர்" என்று கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை வளைவில் கருவியை வைத்தபோது எண் பாதியாக இறங்கியிருந்தது.

அவள் அதைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே எண். அப்பால் எங்கேயோ மரமோ கொடியோ கம்பியில் கிடக்கிறது. சீதேவி அக்காவின் வயல் அந்தப் பக்கம்தான். போய்ப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. சைக்கிளை நிறுத்தி, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு பாலைமரத்தடிக்கு நடந்தாள்.

முதலில் அவள் தேடியது யானையின் அடி. வளைவில் மழைக்குப் பிறகு காய்ந்த சேறு பரவிக் கிடந்தது. ஒரு கோழி நடந்தாலும் எழுதி வைக்கிற நிலம். அதில் யானை அடி ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் அவனைத் தூக்கிய பெடியன்களின் காலடியும் சில்லுத்தடமும்தான். சில்லுத்தடமும் ஒன்று அல்ல. மரத்தில் ஏறி, அப்பால் இறங்கி, தள்ளிப்போய்த் திரும்பி, மறுபடி ஏறி இறங்கியிருந்தது. ஏழு எண்ணினாள். மரத்தின் பட்டையிலும் ஏழு கறுப்புக் கோடு. ஆறு நேராக இருந்தன. ஏழாவது மட்டும் மரத்தோடு சரிந்து வழுக்கிப் போயிருந்தது; பக்கத்தில் பற்சில்லு கடித்த பள்ளம்.

பிறகு வேலிக்கட்டையைப் பார்த்தாள். அதில் கவண்போல் இரண்டாகப் பிரிந்த ஒரு கவர்க்கம்பு கட்டப்பட்டு, கவருக்குள் இரண்டு றபர் வளையம் தொங்கியது. கைத்தொலைபேசி ஒன்றைச் செருகி வைத்தால் மரத்தை நேரே பார்க்கிற மாதிரி.

நிரோஜினி பாலைமரத்தின்மேல் இருந்துவிட்டாள். அந்த மரத்தை அறுத்து எடுக்க வேண்டும் என்று சங்கத்தில் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாள்காரன் வரவில்லை, வாள் பழுது, வழி சேறு என்று கிருஷாந்த் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தான். இப்போது அதுவும் விளங்கியது.

கோபம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இரண்டு நாள் அழுதவள் அவள். ஆனால் கோபத்துக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. முப்பத்தெட்டு வயது மனுசன், யாரும் பாராத இடத்தில், ஒரு மரத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியிருக்கிறான். ஏன் என்று ஒரு கிழமைக்கு முன் கேட்டிருந்தால் அவளுக்கு விளங்கியிராது.

பொழுது சாய்ந்துவிட்டதால் பழுதைத் தேட அன்றைக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு அவனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அந்த வீடியோவைக் காட்டுங்கோ."

"எந்த வீடியோ?"

"ஆனை எடுத்த வீடியோ."

கிருஷாந்த் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மாக்கட்டைப் பார்த்தான். அதில் பதில் இருக்கவில்லை. போனை எடுத்துக் கொடுத்தான்.

"நான் ஆனை எண்டு சொல்லேல்லை நிரோ. அரக்கிப் போய்ப் போனை எடுத்துக் கூப்பிட்டன், தூக்க வந்த பெடியங்கள் 'ஆனையா அண்ணை?' எண்டு கேட்டவங்கள். எனக்கு நோவு தாங்கேலாமல் தலையை ஆட்டிப்போட்டன். பிறகு அது தன்ர பாட்டில வளந்திட்டுது."

"ஆஸ்பத்திரியில என்னட்டையும் ஆனை எண்டுதானே சொன்னனீங்கள்?"

அவன் மாக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

அவள் வீடியோவைப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. முதல் ஆறு ஏற்றமும் அழகாக இருந்தன. வருகிறான், எழும்பி நிற்கிறான், ஒரு உறுமல், முன் சில்லு மரத்தில் தொடுகிறது. அந்தக் கணத்தில் சத்தம் அப்படியே அடங்கிவிடுகிறது. பின் சில்லு சத்தமில்லாமல் உருண்டு ஏறுகிறது. அவன் உடம்பு முன்னால் போய், இறங்கும்போது பின்னால் வருகிறது. ஏழாவதில் சத்தம் அடங்கவில்லை.

"கேளுங்கோ" என்றாள். "முன் சில்லு ஏறினதும் நீங்கள் முறுக்குறதை விடுறீங்கள். ஆறு தரமும். எனக்கு ஏன் முறுக்கிக்கொண்டே போ எண்டு சொன்னனீங்கள்?"

"நான் விடுறனா?" அவன் போனை வாங்கிக் காதில் வைத்தான். உண்மையாகவே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கை தன்பாட்டில் செய்துகொண்டிருந்த வேலை அது.

"அது மட்டுமில்லை. இதில உங்கட தலையைப் பாருங்கோ. ஆறு தரமும் மரத்துக்கு அங்கால பாதையைப் பாக்கிறீங்கள். ஏழாந்தரம்..." அவள் படத்தை நிறுத்தினாள். மரத்தின்மேல், சைக்கிள் சரியத் தொடங்குகிற அந்த நொடியில், கிருஷாந்த் போனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "பார்வை போனுக்கு, சைக்கிளும் போன் பக்கம் வருது. சிரிச்சிருக்கிறீங்கள்!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"ஊருக்குச் சொல்லாத நிரோ. முகத்தில முழிக்கேலாது."

"நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றாள். "வோல்ட் பாதியா இறங்கிக் கிடக்கு. வளைவுக்கு அங்கால ஒரு கிழமையா ஒரு சனமும் போகேல்லை. ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

குசினிக்குள் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டு அவள் எழும்பிப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முன்பள்ளி பதினொரு மணிக்கே முடிந்தது. நிரோஜினி முதலில் முற்றத்துத் தென்னங்குற்றியில் ஏறிப் பார்த்தாள். எழும்பி நின்று, நேரே வந்து, கிணற்றடிக் கொய்யாவைப் பார்த்தபடி முறுக்கினாள். முன் சில்லு தொட்டதும் முறுக்கை விட்டாள். 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குற்றி அவளுக்குப் பின்னால் கிடந்தது. இன்னும் ஐந்து தடவை ஏறினாள். மாமரத்தடியில் இருந்தவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவனுடைய வலது கை மடியில் முறுக்கி விட்டது.

பாலைமரம் தென்னங்குற்றியைவிட உயரம். பாதையைக் கடக்கிற இடத்தில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வந்தது. ஒரு பக்கம் குளத்துத் தண்ணீர், மறுபக்கம் வேலியோரப் பள்ளம். சுற்றிப் போக வழியில்லை. நடத்தி ஏற்றவும் தனி ஆளால் ஏலாது. மிச்ச வேலி முழுவதையும் நடந்தே பார்த்துத் திரும்புவதென்றால் பொழுது பட்டுவிடும். அவள் கையளவு பருமனான இரண்டு கிளையை வெட்டி, மரத்தோடு ஒட்டிப் போட்டு ஒரு படிபோல ஆக்கினாள். அவற்றைக் காலால் மிதித்து அசையாமல் இறுக்கினாள். பட்டை ஈரமா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

பிறகு சைக்கிளை நாற்பது அடி பின்னால் கொண்டுபோனாள்.

அங்கால், பாதை வளைகிற இடத்தில், மஞ்சளாய்ப் பூத்த ஒரு ஆவரஞ்செடி நின்றது. அவள் அந்தச் செடியைப் பார்த்தாள். மரத்தைப் பார்க்கவில்லை. மரம் வந்துகொண்டிருக்கிறது என்பது காலுக்குத் தெரிந்தது. கிளச், முறுக்கு, விடு. ஹேண்டில் நெஞ்சுக்கு எழும்பியது. முன் சில்லு படியில் தட்டி மரத்தின் தலையில் ஏறியது. முறுக்கை விட்டாள். ஒரு நொடி எல்லாம் அமைதியாக இருந்தது. பின் சில்லு உருண்டு வந்து, முழங்கால் வழியாக ஒரு பெரிய மூச்சுப்போல அவளைத் தூக்கி, அப்பால் இறக்கிவிட்டது. ஆவரஞ்செடி இன்னும் முன்னால்தான் நின்றது.

சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினாள். திரும்பி மரத்தைப் பார்த்து, வெட்கத்தை விட்டுச் சத்தமாகச் சிரித்தாள். குளத்தில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சீதேவி அக்காவின் வயல் மூலையில், ஒரு இளம் வீரைமரம் வேலிமேல் சாய்ந்து கிடந்தது. மேற்கம்பி அறுந்திருந்தது, கீழ்க்கம்பி மண்ணில் கிடந்தது. வேலிக்கு வெளியே பச்சை இலத்தி. பானை வாயளவு அடிகள் வேலி வரைக்கும் வந்து, ஏனோ அங்கேயே சுற்றி நின்று, திரும்பிப் போயிருந்தன. இது மெய்யான யானை. நேற்று இரவோ இன்று விடியவோ வந்து போனது. வேலிக்கு உள்ளே, கை எட்டுகிற தூரத்தில், கதிர்கள் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தன.

அவள் வீரசிங்கத்துக்குப் போன் எடுத்தாள். வேலிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது.

"அண்ணன், கரண்டை நிப்பாட்டுங்கோ. சீதேவி அக்கான்ர மூலையில கம்பி அறுந்து கிடக்கு."

"எங்க நிக்கிறாய்? வளைவுக்கு அங்காலயா? பிள்ளை, உனக்கென்ன விசரா? அந்தக் கொம்பன்..."

"இப்ப இஞ்ச ஒண்டும் இல்லை அண்ணன். பயப்படாதேங்கோ. கரண்டை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

சிறிது நேரத்தில் அவர் சொன்னார். அவள் கருவியை வைத்துப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு கத்தியை எடுத்தாள். கிளைகளை ஒவ்வொன்றாகத் தறித்து, மரத்தை இரண்டாக வெட்டிப் புரட்டினாள். கம்பியைக் குறட்டால் இழுத்து முறுக்கினாள். சாய்ந்த கட்டையைத் தோளால் நிமிர்த்திக் கல்லுப் போட்டு இறுக்கினாள். ஒன்றரை மணி நேரம் போனது. வீரசிங்கம் கரண்டைத் திரும்பப் போட்டதும் கருவி முழு எண்ணைக் காட்டியது. திரும்பும்போது மரத்தின் இந்தப் பக்கத்துக்கும் இரண்டு கிளை வெட்டிப் போட்டு ஏறினாள். சில்லு கொஞ்சம் வழுக்கியது, ஒரு கால் நிலத்தில் ஊன்றியது. விழவில்லை.

அடுத்த நாள் காலை வீரசிங்கம் வந்தார். கூடவே ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு சீதேவி அக்காவும் வந்தாள். ஐம்பது வயது, தன் வயலைத் தானே செய்கிறவள். நிரோஜினியின் கீறல் விழுந்த கைகளைப் பிடித்துப் பார்த்தாள்.

"அந்த ஆனை நிக்கிற இடத்துக்குத் தனியப் போனியே பிள்ளை."

கிருஷாந்த் ஊன்றுகோலை இழுத்து நிமிர்ந்தான். முகம் காதுமடல்வரை சிவந்திருந்தது.

"அக்கா, என்னை ஆனை துரத்தேல்லை" என்றான். "நான் மரத்தில ஏறி விளையாடினனான். அதிலதான் விழுந்தனான். நீங்கள் எல்லாரும் ஆனை எண்டவுடன பேசாமல் இருந்திட்டன்."

சீதேவி அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"என்ர பிள்ளையள் ஒரு கிழமையாக் காவலுக்குப் போகேல்லைத் தம்பி."

"தெரியும் அக்கா. என்ர பிழைதான்."

"நெல்லுப் போயிருந்தால்?"

அவன் தலை குனிந்திருந்தான். நிரோஜினி அவனுக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவன் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கடைசியில் வீரசிங்கம்தான் கேட்டார். "மரத்தில ஏறி விளையாடினதெண்டா, என்னெண்டு?"

கிருஷாந்த் போனை நீட்டினான். வீரசிங்கம் பார்த்தார். ஏழாவது ஏற்றத்தில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு சரிகிற இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தலைத்துவாயால் கண்ணைத் துடைத்தார். "திரும்பப் போடு" என்றார். சீதேவி அக்கா முதல் இரண்டு தடவையும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். போகும்போது மட்டும், "இனி இப்படிச் செய்யாத" என்று கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பின்னேரமே அவளுடைய பிள்ளைகள் காவலுக்குப் போனார்கள்.

அடுத்த கிழமை வாள்காரர் வந்து, பாலைமரத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு வழி வெட்டினார். இந்தத் தடவை கிருஷாந்த் ஒரு சாட்டும் சொல்லவில்லை. இனி ஏறிக் கடக்க அந்த மரம் இல்லை என்பதில் நிரோஜினிக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. ஊர் நெல்லு முழுவதும் பழுதில்லாமல் வீடு வந்தது. மாக்கட்டு வெட்டிய பிறகும் வேலியைப் பார்க்கிற வேலையை அவள் விடவில்லை. சங்கம் அவளுக்கு நாலு நாள், அவனுக்கு மூன்று நாள் என்று பிரித்துக் கொடுத்தது. அவனுக்கு மூன்று நாள் கொடுத்ததில் சீதேவி அக்காவுக்கு இன்னும் அவ்வளவு சம்மதமில்லை.

மாசியில் ஒரு காற்றுக்கு, கோயிலடிப் பக்கத்தில் பெரிய முதிரைமரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. அன்று நிரோஜினியின் முறை. சைக்கிளை நிறுத்தி, எழும்பி நின்றபடி மரத்தைப் பார்த்தாள். இடுப்பளவு இருந்தது. மழையில் நனைந்து பட்டை வழுவழுத்துக் கிடந்தது. அவள் என்ஜினை நிறுத்தி, கத்தியையும் குறட்டையும் பையில் போட்டுக்கொண்டு, மரத்தின்மேல் ஏறி இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று. கிருஷாந்த் படலையடியில் நின்றான்.

"ஏன் பிந்தினாய்?"

"முதிரை விழுந்து கிடக்கு. நடந்து போட்டு வாறன்."

"எவ்வளவு உயரம்?"

அவள் கையால் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். அவன் ஒரு கணம் யோசித்தான்.

"ஓம், அது ஏலாது" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க உள்ளே போனான்.